செபமாலையில் எண்ணிய பேரணி

கண்ணாத்துறைப் பொலிஸ் நிலையம், முறைப்பாட்டுப் பிரிவு. 2025.09.16, செவ்வாய்க்கிழமை, மு.ப. 9.40 மணி.

சாட்சியின் பெயர்: சந்தியோகு செபஸ்தியம்மா. வயது: 57. தொழில்: மீன், இறால் விற்பனை. சமயம்: றோமன் கத்தோலிக்கம். விலாசம்: இல. 38, மாதா கோயில் வீதி, கண்ணாத்துறை. கேள்வி கேட்டவர்: பொலிஸ் சார்ஜன்ட் மேர்வின். எழுதியவர்: பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் கிருஷாந்தினி. சாட்சி பேசுகிற பேச்சிலேயே வாக்குமூலம் பதியப்படுகிறது.

நான் மேற்படி விலாசத்தில என்ட கணவர் மத்தேயுவோடயும் ஒரே மகள் றொசானியோடயும் இருக்கிறன். கணவர் வாவியில தோணி வச்சி இறால் பிடிக்கிறவரு. அந்த இறாலைக் கல்லடிப் பக்கம் கொண்டு போய் நான் விக்கிறன். இதுக்கு முதல் நான் பொலிசுக்கு வந்தது ஒரே ஒரு தரம், அதுவும் அடையாள அட்டை தொலைஞ்சதுக்கு. நேத்துப் பின்னேரம் நீங்க பிடிச்சு அடைச்சி வச்சிருக்கிற றொனால்ட் என்கிறவரு என்ட மகளைக் கட்டப் போறவரு. கலியாணம் இந்தச் சனிக்கிழமை, இருவதாம் திகதி, காலம்புற பத்து மணிக்கு. கோயில்ல மூன்டு ஞாயிறும் கலியாண அறிவித்தல் ஓலை வாசிச்சாச்சு. இன்டைக்குச் செவ்வாய். இதை முதல்ல எழுதுங்க என்டு கேட்டன், ஏனெண்டா நான் இஞ்ச வந்ததே இதுக்குத்தான்.

போன மாசம் எங்கட பிரதேச சபை துறை வரி என்டு ஒன்டைப் போடப் போறதா அறிவிச்சிச்சு. வாவிக் கரையில தோணி கட்டுற ஒவ்வொருத்தரும் மாசம் முந்நூறு ரூபா குடுக்கணுமாம். தோணி கட்டுறத்துக்குச் சபை ஒரு முளை அடிச்சுத் தரல்ல, ஒரு முழம் கயிறு தரல்ல. முளை எங்கட, கயிறு எங்கட, தோணி எங்கட, தண்ணி ஆண்டவர்ட. இதில சபைட என்ன கிடக்கு என்டு என்ட மனிசன் போய்க் கேட்டதுக்கு, கரை சபைட என்டு சபைக்குத் தலைவரா இருக்கிற தவிசாளரிட்ட இருந்து பதில் வந்திச்சு. அதோட மனிசன் வீட்ட வந்து ரெண்டு நாள் தோணியை இறக்கல்ல.

மறுகா, மீனவர் சங்கத்துச் செயலாளரா இருக்கிற மருமகன் றொனால்ட், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரிக்கு எதிராப் பேரணி போறதெண்டு தீர்மானம் எடுத்தாரு. பொலிஸ் நீதிமன்றத்துக்குப் போய் ஒரு கட்டளை எடுத்திச்சு. அந்தக் கட்டளையில என்ன கிடந்திச்செண்டா, கோயிலடியில இருந்து சபை வாசல் வரைக்கும் வீதியால நடந்து போற ஆக்கள் இருநூத்தி ஐம்பது பேருக்கு மேல போகக் கூடா, போனா ஒழுங்கு செஞ்சவரைப் பிடிச்சு அடைக்கலாம். மருமகன் ஒப்பம் வச்சித்தான் அதை வாங்கினாரு. மகனே, இருநூத்தி ஐம்பது என்டா இருநூத்தி ஐம்பதுதான், உங்கட கணக்கை இதில காட்டாதீங்க என்டு நான் அப்பவே சொன்னன்.

மருமகன்ட கணக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். நல்ல பொடியன். குடி இல்ல, சூது இல்ல, தாயைத் தாங்கிப் பாக்கிறவரு. ஆனா வாயில எண்ணிக்கை நிக்காது. அஞ்சு கிலோ மீன் பட்டா ஐம்பது கிலோ என்பாரு. கலியாணத்துக்கு உங்கட பக்கத்தால எத்தின பேர் என்டு கேட்டதுக்கு நானூறு என்டாரு. பேரைச் சொல்லுங்க, எழுதுவம் என்டதும் அறுவத்தி மூன்டில வந்து நின்டாரு, அதிலயும் ரெண்டு பேர் செத்துப் போன ஆக்கள். பொய் சொல்றவர் இல்ல ஐயா. சந்தோசம் வந்தா அவருக்கு எண்ணிக்கை வீங்கிப் போகும். சந்தோசம் அவருக்கு அடிக்கடி வரும்.

மறுகா, பதினாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சனம் கோயிலடியில கூடிச்சு. வாற ஞாயிறு எங்கட மாதா கோயில் திருநாள். அதுக்கு வெள்ளிக்கிழமையே கொடி ஏறி, வீதி முழுக்க நீலமும் வெள்ளையுமாத் தோரணம் கட்டிக் கிடந்திச்சு. பேரணிக்கு ஒலிபெருக்கி பூட்டின ஓட்டோ ஒன்டு வேணும். ஊரில அப்படி ஒரே ஒரு ஓட்டோதான் இருக்கு, திருநாளுக்கு மாதாவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுத்துற சுத்துப்பிரகாரத்துக்கு முன்னால வாறதும் அதுதான். மைக் பிடிக்க ஒரு ஆள் வேணும். தொண்டை கட்டாமல் ஒரு மணித்தியாலம் மைக்கில நிக்கக் கூடிய ஆள் ஊரில எங்கட உபதேசியார் மட்டும்தான், கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கிறவரு. மருமகன் கோஷம் எழுதின தாளை அவரிட்டக் குடுத்தாரு. பிழை அதிலதான் துவங்கினது.

உபதேசியார் தாளைப் பாத்து, “தோணிக்கு வரி போட்ட தவிசாளரே” என்டு வாசிச்சாரு. அவருக்கு வேற ராகம் தெரியா. முப்பது வருசமா மன்றாட்டு மாலை சொல்ற ராகத்திலதான் இழுத்தாரு. அதுக்குச் சனம் வேணாம், வேணாம், துறை வரி வேணாம் என்டு கத்தணும் என்டுதான் ஏற்பாடு. அந்த ராகம் காதில விழுந்ததும் அவ்வளவு பேரும் கோயில்ல மன்றாட்டுக்குப் பதில் சொல்ற மாதிரி ஒரே குரலா, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்டுட்டாங்க. நானும் சொன்னன். வாய் தன்ட பாட்டில சொல்லிட்டு.

பதாகையோட முன்னுக்கு நின்ட மருமகன் கிறுகிப் பாத்துக் கையை ஆட்டினாரு. இன்னும் உரக்கச் சொல்லச் சொல்றார் என்டு உபதேசியார் நினைச்சிட்டாரு. அடுத்ததா, ஏழைகள்ட வயித்தில அடிக்கிற சபையே என்டு இழுத்தாரு. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்டிச்சு சனம். அநியாயத் துறை வரியே என்டாரு. அதுக்கும் வேண்டிக்கொள்ளச் சொல்லியாச்சு. மறுகா ஒருத்தரும் சொல்லாமலே சனம் வரிசைக்கு வந்திட்டு. பெண்டுகள் இடப்பக்கம், ஆம்பிளையள் வலப்பக்கம், ரெண்டு ரெண்டு பேரா, கையைக் கட்டிக்கொண்டு. சுலோக அட்டை வச்சிருந்தவங்க அதைக் கோயில் கொடி பிடிக்கிற மாதிரி நிமித்திப் பிடிச்சாங்க.

கோயில் வீதியில வீட்டுக்குள்ள இருந்த சனத்துக்கு, இந்த வருசம் சுத்துப்பிரகாரம் ஒரு கிழமை முந்திட்டு என்டு பட்டிருக்கு. மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு ஓடி வந்து வரிசையில சேந்தாங்க. பக்கத்து வீட்டு இராசாத்தி, அவ சைவ ஆள், ஆனா வருசா வருசம் மாதாவுக்குத் திரி பிடிக்கிறவ, உலையில அரிசியைப் போட்டது போட்டபடி வந்திட்டா. என்னைக் கண்டதும் மாதா எங்க கா என்டு கேட்டா. இது மாதா இல்ல கா, துறை வரி என்டு சொன்னன். சரி, வந்தது வந்திட்டன், என்ட தம்பிக்கும் ஒரு தோணி கிடக்குத்தானே என்டு சொல்லிப்போட்டு நடந்தா. முச்சந்தியில தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற அசனார் காக்கா, அவரு முஸ்லிம் ஆள், றேடியோவை நிப்பாட்டி, கடைக் கதவைப் பாதி சாத்தி, மரியாதையா வாசல்ல எழும்பி நின்டாரு. இந்த வரியை ஊரில அவரை விட ஏசின ஆள் இல்ல, அவருக்கு ரெண்டு தோணி கிடக்கு. ஆனா அவரு நின்டாரே தவிர நடக்கல்ல. அதால அவரை நான் எண்ணல்ல.

எப்படி எண்ணின என்டு சார்ஜன்ட் ஐயா கேட்டதுக்குச் சொல்றன். எனக்கு முழங்கால் வருத்தம். பதினொரு வருசமா நான் சுத்துப்பிரகாரத்தில நடக்கிறல்ல. கோயில் வீதி வாவிக் கரைக்குக் கிறுகிற முடக்கில கதிரை போட்டு இருந்து வாற சனத்தை எண்ணுறதுதான் என்ட வேலை. ஏனெண்டா, சுத்துப்பிரகாரம் முடிஞ்சதும் நடந்த எல்லாருக்கும் அவிச்ச கடலை குடுக்கிற. சனம் கோயிலுக்குத் திரும்பி வர முதல் கடதாசியில எத்தின கடலைச் சரை சுத்தணும் என்டு மண்டபத்தில நிக்கிற பெண்டுகளுக்கு நான் சொல்லி அனுப்பணும். செபமாலையில சின்ன மணி ஐம்பது. ஒரு வரிசை முடக்கைத் தாண்டினா ஒரு மணி தள்ளுவன். பெரிய மணியை எண்ணுறல்ல, அதில மூச்சு விடுற. ஒரு சுத்து முடிஞ்சா ஐம்பது வரிசை, நூறு பேர். கைக்குழந்தையை எண்ணுறல்ல, அது நடக்கவும் மாட்டா, கடலையும் தின்னாது. போன வருசம் அறுநூத்தி முப்பத்தாறு என்டு சொல்லி அனுப்பினன். அறுநூத்தி முப்பத்தாறு சரை சுத்தினாங்க. ஒன்டும் மிஞ்சல்ல, ஒருத்தரும் வெறுங்கையோட போகவும் இல்ல. அதைச் சுவாமி பூசையில பேர் சொல்லிச் சொன்னாரு. வேணுமெண்டா அவரிட்டக் கேளுங்க.

அன்டைக்கு நான் எண்ணுற எண்ணத்தில போய் இருக்கல்ல. பேரணியைப் பாக்கத்தான் முடக்கில கதிரை போட்டன். சனம் ரெண்டு ரெண்டா வாறதைக் கண்டதும் விரல் தன்ட பாட்டில மணியைத் தள்ளத் துவங்கிட்டு. முதல் சுத்து முடிஞ்சிச்சு, நூறு. ரெண்டாம் சுத்து முடிஞ்சிச்சு, இருநூறு. கட்டளை அப்பதான் நினைவுக்கு வந்து கதிரையில இருந்து எட்டிப் பாத்தன். இன்னும் வால் தெரியல்ல. வாறதெல்லாம் தெரிஞ்ச முகம். உயிர்த்த ஞாயிறுக்குக் கூடக் கோயில் பக்கம் தலை காட்டாதவங்க எல்லாம் அன்டைக்கெண்டு கையில மெழுகுதிரியோட வாறாங்க. அந்த முகங்களைக் காணக் காண எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. வீட்ட போங்க, என்ட புள்ளட கலியாணத்தைக் கெடுக்காதீங்க என்டு கத்த வாய் வந்திச்சு. ஆனா செபம் சொல்லிக்கொண்டு வாறவங்களை என்னெண்டு திருப்பி அனுப்புற. மறுகா மூன்டாம் சுத்தில இருவத்தஞ்சாவது மணியோட வரிசை முடிஞ்சிச்சு. நூத்தி இருவத்தஞ்சு வரிசை, இருநூத்தி ஐம்பது பேர். நான் செபமாலைக்கு முத்தம் குடுத்துக் கழுத்தில போட்டன்.

முடக்குக்கு அங்கால ஆரும் வந்து சேந்தாங்களா என்டு கேட்டதுக்கு, சேர வழி இல்ல என்டு சொன்னன். அதுக்கு அங்கால ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் சபைட மதில். இடையில நீர்க்காகம்தான் கிடக்கு. உபதேசியார் மைக் வயரைப் பிடிச்சுக்கொண்டு மருமகனோட முதல் வரிசையில நடந்தாரு, அவரை எண்ணினன். ஓட்டோ ஓட்டினவர் இருந்து போனாரு, அவரை எண்ணல்ல. நான் நடக்கல்ல, என்னையும் எண்ணல்ல.

சபை வாசல்ல நடந்ததை நான் நேர காணல்ல. மகள்ட ஃபோன்லதான் கண்டன். வாசலுக்கு வந்ததும் உபதேசியார் பழக்கத்தில முழந்தாளிடுவோம் என்டிருக்காரு. அவ்வளவு சனமும் கொங்கிறீட்டு வீதியில முழந்தாளில விழுந்திட்டு. மேல் மாடியில நின்ட தவிசாளர் தனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்டு எதிர்பாக்கல்ல போல, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாரு. மறுகா கண்ணாடியைப் போட்டுச் சுலோக அட்டையை வாசிச்சாரு. வாசிச்சதும் உள்ளுக்குப் போய்ட்டாரு.

அப்ப ஃபோன்ல படம் எடுத்துச் செய்தி போடுற சனல்காரர் ஒருத்தர் மருமகனிட்ட எத்தின பேர் வந்த என்டு கேக்க, மருமகன் மூச்சு விடாமல் ஐயாயிரம் பேர் என்டிட்டாரு. எங்கட ஊரில கிடக்கிற சனமே ரெண்டாயிரத்திச் சொச்சம். அவரு வீட்ட வந்ததும், மிச்சச் சனம் எதால வந்த, வாவிக்குள்ளால வந்ததா என்டு கேட்டன். இருநூத்தி ஐம்பது என்டு சொன்னா தவிசாளர் சிரிப்பாரு மாமி என்டாரு. எண்ணிக்கை சரியா வந்ததுக்கு மாதாவுக்கு ஒரு திரி கொளுத்துங்க, இனி வாயைத் திறக்காதீங்க என்டு சொன்னன். அதுக்கிடையில அந்தப் படம் ஊரெல்லாம் போய்ட்டு.

மறுகா, திங்கள் காலம்புற அசனார் காக்காட கடையில இதே சண்டைதான். சங்கத்து ஆக்கள் ஐயாயிரம் என்டு நின்டாங்க. சபையில வேலை செய்யிற ஒருத்தர் எழுபது என்டு நின்டாரு, பேப்பரில பொலிஸ் சொன்னதா அப்படித்தான் கிடக்காம். சங்கத்துப் பொருளாளர் வேலப்போடி படம் ஒன்டைக் காட்டி அதில தலையை எண்ணினாரு. முப்பத்தெட்டு வந்திச்சு. படத்தில எல்லாரும் விழமாட்டாங்க என்டு சொல்லி அதை நூறால பெருக்கிப்போட்டாரு. நான் இறால் கூடையை இறக்கி வச்சி, இருநூத்தி ஐம்பது என்டு சொன்னன். ரெண்டு பக்கமும் சேந்து என்னை ஏசினாங்க. அதுவரைக்கும் அடிபடப் போனவங்க அதில மட்டும் ஒற்றுமையா நின்டாங்க.

அன்டு காலம்புறச் சபைக் கூட்டத்தில தவிசாளர், வந்தது எழுபது பேர்தான், ஆகவே சனத்துக்கு இந்த வரியில விருப்பம் என்டு பேசியிருக்காரு. அதே தவிசாளர் மத்தியானம் இஞ்ச வந்து, ஐயாயிரம் பேர் நடந்து கட்டளையை மீறிப்போட்டாங்க, செயலாளரே தன்ட வாயால சொல்லியிருக்காரு என்டு முறைப்பாடு குடுத்திருக்காரு. காலம்புறத்துக்கும் மத்தியானத்துக்கும் இடையில இந்த மனிசனுக்கு நாலாயிரத்தித் தொளாயிரத்தி முப்பது பேர் எங்கால கிடைச்ச என்டு எழுதிக் கேளுங்க. பொலிஸ் எழுபது என்டு சொன்னா, எழுபது பேருக்காக என்ட மருமகனை ஏன் அடைச்சி வச்சிருக்கிறீங்க என்டும் கேட்டன். எழுபது சொன்னது வேற பிரிவு, இது முறைப்பாட்டுப் பிரிவு என்டு எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது.

நேத்துப் பின்னேரம் நாலு மணிக்கு ஜீப்பில மருமகனை ஏத்திக்கொண்டு வந்தீங்க. அப்ப அவரு கலியாணக் கோட்டு அளவு பாக்கத் தையல்காரரிட்ட நின்டவரு. கோட்டில ஒரு கைதான் பூட்டிக் கிடந்திச்சு. அந்த ஒற்றைக் கைக் கோட்டோடதான் இப்பவும் உள்ளுக்கு இருக்கிறாரு, வரக்குள்ள கண்டன். என்னைக் கண்டதும் எழும்பி நின்டு, மாமி, பயப்படாதீங்க, வெளியில ஆயிரம் பேர் எனக்காக நிக்கிறாங்க என்டாரு. வெளியில நான் எண்ணிப் பாத்தன். நாலு பேர், அதில ஒராள் ஓட்டோக்காரர்.

என்ட புள்ள நேத்து இருந்து ஒரு வாய் சோறு தின்னல்ல. கலியாணச் சீலையை மடியில வச்சிக்கொண்டு இருக்கிறா. நாளைக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டு போனா பதினாலு நாள் உள்ளுக்கு வைப்பாங்க என்டு சொல்றாங்க. பதினாலு நாள் என்டா சனிக்கிழமை போய்டும். கோயில் வாசல்ல என்ட புள்ள தனிய நிக்கிறதை என்னால பாக்க ஏலா. எனக்குத் தவிசாளர்லயும் கோவம், மருமகன்லயும் கோவம், உபதேசியார்லயும் கோவம். ஆனா கோவத்தை விடப் பயம்தான் கூட ஐயா.

கடைசியா, இருநூத்தி ஐம்பது என்டது சத்தியமா, அதுக்கு மேல ஒருத்தரும் நடக்கல்லயா என்டு சார்ஜன்ட் ஐயா கேட்டாரு. செபமாலையைக் கழுத்தில போட்டுக்கொண்டு என்னால பொய் சொல்ல ஏலா. வரிசை நூத்தி இருவத்தஞ்சு என்டது சத்தியம். ஆனா வரிசை முடிஞ்சி ஒரு முப்பது அடி விட்டு, சோடி இல்லாமல் ஒராள் தனிய நடந்து வந்தாரு. அவரைச் சேத்தா இருநூத்தி ஐம்பத்தொன்டு, சேக்காட்டி இருநூத்தி ஐம்பது. அந்த ஆளுக்கு நான் மணி தள்ளல்ல. ஆரெண்டு கண்டதும் விரல் அப்படியே நின்டுட்டு. அந்த ஆள் ஆர், பேரைச் சொல்லுங்க என்டு சார்ஜன்ட் ஐயா மேசையில தட்டிக் கேட்டாரு.

“நீங்கதான் ஐயா” என்டு சொன்னன்.

வெள்ளைச் சேட்டும் சாரனும் உடுத்து, செருப்பைக் கழட்டிக் கக்கத்தில வச்சிக்கொண்டு, கையில திரியோட போனீங்க, மன்றாட்டுக்குப் பதிலும் சொன்னீங்க, அதுவும் நல்ல வடிவாச் சொன்னீங்க என்டும் சொன்னன். சார்ஜன்ட் ஐயா எழும்பிப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு. இதை எழுத வேணாம் என்டு கிருஷாந்தினிக்குச் சொன்னாரு. சாட்சி சொன்னதை வெட்டுறத்துக்குத் தனக்கு அதிகாரம் இல்ல சேர் என்டு அந்தப் புள்ள சொல்லி, இதையும் எழுதினா.

மறுகா சார்ஜன்ட் ஐயா கதிரையில இருந்து தண்ணி குடிச்சாரு. குடிச்சுப்போட்டு மெதுவாச் சொன்னாரு: “முதல்ல சுத்துப்பிரகாரம் என்டுதான் வந்தன் அக்கா. பாதி வழியில விளங்கிட்டு. திரும்பிப் போக மனம் வரல்ல. எங்கட அப்பாட தோணியும் இந்தக் கரையிலதான் கிடக்கு.”

அவரைப் பாக்க எனக்குப் பாவமாக் கிடந்திச்சு. ஆனா சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் கிடக்கு. ஐயா, கட்டளை ஊர்ச் சனத்தைப் பத்தினது, பொலிசைப் பத்தினது இல்ல, நீங்க பொலிஸ் என்டு சொன்னன். தான் அன்டைக்கு லீவில நின்டதாச் சொன்னாரு. லீவில நிக்கக்குள்ள கண்ணுக்கு முன்னால ஒரு கள்ளனைக் கண்டா விட்டுடுவீங்களா என்டு கேட்டன். விட மாட்டன் என்டாரு. அப்ப லீவிலயும் பொலிஸ்தான், சனத்துக்குப் பின்னால பாதுகாப்புக்குப் போனவரு என்டு எழுதுங்க என்டு சொன்னன். சார்ஜன்ட் ஐயா கிருஷாந்தினியைப் பாத்தாரு. கிருஷாந்தினி, வரிசைக்குப் பின்னால் பாதுகாப்புக் கடமையில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் சென்றார் என்டு எழுதி ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டினா. வெறுங்காலோட என்டதைச் சேக்கச் சொல்லி நான் கேக்கல்ல.

ஆகவே, 2025.09.14ம் திகதி கோயிலடியில இருந்து சபை வாசல் வரைக்கும் நடந்து போன சனம் இருநூத்தி ஐம்பது பேர். கட்டளைக்கு மேல ஒரு தலையும் போகல்ல. மருமகன்ட ஐயாயிரம் வாயால வந்த கணக்கு, தவிசாளர்ட எழுபது வயித்தால வந்த கணக்கு. சார்ஜன்ட் ஐயாவைப் பேரணியில நான் எண்ணல்ல. சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு எண்ணியிருக்கிறன், கிருஷாந்தினிப் புள்ளையையும் சேத்து.

இது எல்லாத்தையும் எனக்கு முதல்ல இருந்து வாசிச்சுக் காட்டினாங்க. எழுதினது நான் கண்டதும் எண்ணினதும்தான், ஒருத்தரையும் கூட்டிச் சொல்லல்ல என்டு உறுதி சொல்லி ஒப்பம் வைக்கிறன்.

(ஒப்பம்) ச. செபஸ்தியம்மா

எழுதி வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) கிருஷாந்தினி, பெ. பொ. கா.

முன்னிலையில்: (ஒப்பம்) மேர்வின், பொ. சா.